கீழ்வீட்டுக்காரிக்கு வளைகாப்பு

கடலுக்கு அடியில் கிடக்கிற ஒரு மலைக்கு வளைகாப்பு போட்ட ஊர் இந்த உலகத்திலேயே எங்கள் நண்டுத்தீவு ஒன்றுதான். வேறு எந்த ஊராவது இதில் பங்குக்கு வந்தால் நாங்கள் சும்மா விடமாட்டோம். அந்தமான் கடலில், கப்பல்கள் போகிற பாதையை விட்டுத் தள்ளி, மழைக்காலம் வந்தால் அரசாங்கமே மறந்துபோகிற ஒரு துண்டு நிலம் எங்களுடையது. எங்கள் அப்பன்மார் ராமநாதபுரத்துக் கரையிலிருந்து மரம் வெட்டக் கப்பலேறி வந்தவர்கள். மரம் தீர்ந்தபின் ஊர் திரும்பச் சோம்பல்பட்டு, மீன்தான் இவ்வளவு கிடக்கிறதே என்று அங்கேயே வலையை விரித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, சண்டை போட்டு, தங்கிப்போனவர்கள். அதனால் தீவில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வகையில் சொந்தம்.

மலை எங்கள் கிழக்குக் கரைக்கு எதிரே, இன்ஜின் வள்ளத்தில் போனால் காலையில் குடித்த கஞ்சி செரிப்பதற்குள் போய்ச் சேருகிற தூரத்தில், ஆழத்தில் இருந்தது. யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், மீன் கொழுத்திருக்கும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்குள்ளே நெருப்பு இருக்கிறது, அது ஒரு எரிமலை, அதற்கு உயிர் உண்டு என்று சொன்னவள் ஹெப்சிபா.

ஹெப்சிபா நாகர்கோவில்காரி. கடலடி எரிமலைகளைக் கண்காணிக்கிற ஓர் ஆராய்ச்சி நிலையம் அவளை எங்களிடம் அனுப்பியிருந்தது. மூடிக்கிடந்த பழைய ரேஷன் கடையைச் சுண்ணாம்படித்து அதில் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, மஞ்சள் தொப்பி போட்ட பெரிய பெரிய கண்ணாடி உருண்டைகளை இரும்புச் சட்டங்களில் பூட்டிக் கப்பலிலிருந்து மலையைச் சுற்றி இறக்கினாள். அவற்றில் ஒன்று தரை நடுங்குவதைப் பிடிக்கும். ஒன்று தண்ணீருக்குள் கேட்கிற சத்தத்தைப் பிடிக்கும். இன்னொன்று தன் தலைமேல் நிற்கிற கடலின் பாரத்தை ஓயாமல் நிறுத்துக்கொண்டிருக்கும்; தரை உயர்ந்தால் மேலே தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் பாரம் குறையும், அதை வைத்து மலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவள் சொல்லிவிடுவாள். கீழே இருப்பவை சொல்வதை மேலே ஆடிக்கொண்டிருக்கிற ஒரு மிதவை வாங்கி ரேஷன் கடைக்கு அனுப்பும்.

அவள் வந்த முதல் வருஷம் ஐப்பசியில் திரையில் ஓடிய கோடு கிடுகிடுவென்று ஆடியது. ஹெப்சிபா ரேஷன் கடைக் கூரையில் மாட்டியிருந்த அபாயச் சங்கை ஊதினாள். நாங்கள் பிள்ளை குட்டிகளை வாரிக்கொண்டு வள்ளங்களில் ஏறி, பெரிய தீவுக்குப் போய், அங்கே பள்ளிக்கூட வராந்தாவில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒண்டிக்கிடந்தோம். மலை ஒன்றும் செய்யாமல் தூங்கிப்போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் காட்டுப்பன்றிகள் மரவள்ளித் தோட்டத்தை ஒரு கிழங்கு விடாமல் தோண்டித் தின்றுவிட்டு, ஊர்த்தலைவர் கோட்டைச்சாமியின் வீட்டுக்குள்ளே புகுந்து அவருடைய பாயிலேயே படுத்திருந்தன. கோட்டைச்சாமி நல்ல மனுஷர், ஆனால் ரோஷக்காரர். ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டு ஊர் கேட்கக் கத்தினார்.

“இனி அந்தச் சங்கு ஊதுச்சுன்னா நான் போர்வைய இழுத்து மூடிப் படுப்பேனே தவிர, வாசப்படி தாண்ட மாட்டேன். இந்த ஊர்ல ஒருத்தனும் தாண்ட மாட்டான். சொல்லிட்டேன்.”

ஊரே ஆமாம் என்றது. நானும்தான் என்றேன், எங்கள் வீட்டுக் கோழிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஹெப்சிபாவுக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. மலை ஒருநாள் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். வெடித்தால் கிளம்புகிற அலை எங்கள் தெருக்களை வழித்துக்கொண்டு போகும் என்றும் தெரியும். அன்றைக்கு அவள் ஊதுகிற சங்குக்கு ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம் என்றும் தெரியும். இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எப்படித் தூங்குவாள். கருவிகளைத் துடைப்பாள், திரையைப் பார்ப்பாள், எங்கள் பிள்ளைகள் மணலில் விளையாடுவதைப் பார்ப்பாள், மறுபடியும் திரையைப் பார்ப்பாள்.

அப்படியிருக்கும்போது கீழே சத்தம் பிடிக்கிற கருவி ஊமையாகிவிட்டது. மாற்றுக் கருவி கையில் இருந்தது, இறக்கக் கப்பல் இல்லை. வள்ளம் கேட்டுக் கரை முழுக்க நடந்தாள், ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில் ராக்குவிடம் வந்தாள். ராக்கு எங்கள் கரையில் சொந்த வள்ளம் வைத்திருந்த ஒரே பெண்பிள்ளை, ஆறு பெற்றவள், எந்த வீட்டில் பிரசவ வலி எடுத்தாலும் முதலில் தேடப்படுகிறவள். அவளுடைய வள்ளத்தில் இன்ஜின் பிடிப்பவள் அவளுடைய தம்பி பெண்டாட்டி சேதுமதி. தம்பி சுறா வலைக்குப் போய்த் திரும்பாமல்போன பிறகு சேதுமதிக்கு அந்த இன்ஜினும் ராக்குவும்தான் துணை.

“வள்ளம் தாரேன் தாயி,” என்றாள் ராக்கு. “ஆனா ஊரே மாட்டேங்கிறப்ப நான் எதுக்குத் தாரேன்னு எனக்குத் தெரியணும்ல. கீழ என்னதான் நடக்குது?”

“கடல் தரை மெல்ல மெல்ல உயருதுக்கா. உள்ள நெருப்புக் குழம்பு சேர்ந்து சேர்ந்து மலை உப்பிக்கிட்டே வருது. போன ஆடிக்கு இப்ப ரெண்டு முழம் கூடியிருக்கு. இப்படியே உப்பி, ஒருநாள் உள்ள இருக்கறது வெளிய வந்ததும் சட்டுனு வத்திரும்.”

ராக்கு வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

“அடியாத்தீ! இத ஏன் முன்னாடியே சொல்லல? மாசமா இருக்கறவள வச்சுக்கிட்டா இத்தனை நாளா ஏசிக்கிட்டுத் திரிஞ்சோம்?”

“அக்கா, அப்படியில்ல, இது மலை…”

“மலைன்னா வயிறு இல்லையா? போன வருசம் வந்தது சூட்டுவலி, பொய்வலி. தலைப்பிரசவத்துல அதெல்லாம் சகஜம். அதுக்குப் போயி உன்னைய வஞ்சானுக பாரு, அறிவுகெட்டவனுக.”

ஹெப்சிபா மலையை விட்டுவிட்டு ராக்குவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வருஷமாக அவள் பக்கம் நின்று ஒருவர் சொன்ன முதல் வார்த்தை அது என்று பிற்பாடு எங்களிடம் சொன்னாள்.

சேதி வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெருவுக்குப் போவதற்குள் முடிவாகிவிட்டது: தலைப்பிள்ளைக்காரிக்கு வளைகாப்பு போடாமல் விட்டால் ஊருக்குத்தான் அவமானம். மலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, கீழ்வீட்டுக்காரி என்று வைத்தார்கள். அடுத்து, அவளுக்குத் தாய்வீடு எது என்று கிளம்பிய சண்டையில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டன; வடக்குத் தெரு தாய்வீடு, தெற்குத் தெரு மாமியார் வீடு என்று கோட்டைச்சாமி தீர்த்து வைத்த மறுநிமிஷமே, சீர் பத்தாது என்று தெற்குத் தெரு முறைப்பாக நின்றது. ஆம்பிளைகள் நாங்கள் இதெல்லாம் பொம்பளைகளுக்கு வேறு வேலை இல்லாததால் வந்தது என்று சொல்லிக்கொண்டே தேங்காய் உரித்துக் கொடுத்தோம்.

கரையில் மணைப்பலகை போட்டு அதன்மேல் மஞ்சள் தொப்பிக் கருவியை உட்கார வைத்தார்கள். சத்தம் பிடிக்கிற குழல் ஒன்று கை நீட்டினாற்போல வெளியே நின்றது. அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒவ்வொரு சுமங்கலியாக வந்து சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கினார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, பால்பவுடரில் உறைய வைத்த தயிர்ச்சோறு என்று வாழையிலையில் வரிசையாகப் பரிமாறினார்கள். மசக்கைக்காரிக்குச் சாம்பல் தின்ன ஆசை வருமே என்று ஒருத்தி கவலைப்பட, அது அவளுக்குச் சொந்தத்திலேயே நிறைய இருக்கிறது என்று இன்னொருத்தி சமாதானம் சொன்னாள்.

“அக்கா, வளையல் வேண்டாமே,” என்று ஹெப்சிபா கெஞ்சினாள். “தண்ணி ஓட்டத்துல குலுங்கும். கருவிக்கு அந்தச் சத்தம்தான் கேட்கும்.”

“கேக்கணும்னுதானே போடுறது! வயித்துல கெடக்குற பிள்ளை கேக்குறதுக்குத்தான் வளையலு. இது தெரியாமயா உனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தாங்க?”

அதற்குமேல் அவளால் என்ன செய்ய முடியும், வள்ளம் ராக்குவுடையது. சேதுமதி இன்ஜினைப் பிடித்தாள். வளையல் போடுகிற வரிசையில் அவள் நிற்கவில்லை, கூப்பிடுவாரும் இல்லை. புருஷன் போனவள் என்று கூட்டத்தை விட்டுத் தள்ளி, முழங்கால் தண்ணீரில், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். குலவைச் சத்தத்தோடு வள்ளம் போயிற்று. மலைக்கு நேர்மேலே நிறுத்தி, கருவியை விட்டார்கள், அது வளையல்கள் மினுங்க மினுங்கப் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி இறங்கி மறைந்தது.

மூன்றாம் நாள் காலை, சோறு வடிக்கிற நேரத்தில், தீவில் இருந்த கண்ணாடி வளையல்கள் எல்லாம் தானாகக் குலுங்கின.

அடுப்படியில் நின்றவள் கையிலும் கிணற்றடியில் நின்றவள் கையிலும் ஒரே தாளத்தில் குலுங்கின. வளையல்காரன் விட்டுப்போன அட்டைப்பெட்டிக்குள் குலுங்கின. தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கருவளையல் குலுங்கியது. தங்கம் குலுங்கவில்லை, பிளாஸ்டிக் குலுங்கவில்லை, கண்ணாடி மட்டும். ஹெப்சிபா ராக்குவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் வைத்தாள். கோடு துள்ளும்போதெல்லாம் வளையல் குலுங்கியது, வளையல் நின்றபோது கோடு படுத்துக்கொண்டது. கீழே போட்ட வளையலுக்கு மேலே இருக்கிற வளையல் பதில் சொல்கிறது, இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு ராக்கு உலை வைக்கப் போய்விட்டாள். ஹெப்சிபா வெளியே வந்து, வளையல் விற்கிற வீடு எது என்று கேட்டு, ஒரு டஜன் பச்சை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

முதலில் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளைகளைத் தூங்க வைக்க முடியவில்லை; பிறகு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் பிள்ளைகள் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெண்பிள்ளைகளை வளையலைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார், மேசைமேல் அவை எல்லாம் சேர்ந்து குலுங்கியதில் அவரால் வாய்ப்பாடு சொல்ல முடியவில்லை, மறுபடியும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். புறணி பேசுகிறவர்கள் மலை குலுங்கியதும் நடுவில் நிறுத்தி, அவள் அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். சமைக்கிறவர்கள் இன்றைக்கு அவளுக்கு மேல்மூச்சு வாங்குகிறது, இன்றைக்குப் பிள்ளை உதைக்கிறது, இன்றைக்கு நன்றாகத் தூங்குகிறாள் என்று ஒருவருக்கொருவர் வேலிக்கு மேலே சொல்லிக்கொண்டார்கள், அதையெல்லாம் ஹெப்சிபா வந்து கேட்டுக்கொண்டு போவாள், பதிலுக்குத் தன் கருவி அன்றைக்கு நிறுத்த பாரத்தைச் சொல்வாள், ஒரு விரற்கடை கூடியிருக்கிறாள் என்றால் தெருவே திருஷ்டி கழிக்கும். ஆம்பிளைகளுக்குத்தான் பொறாமை. எங்கள் கைகளில் ஒன்றும் இல்லை, எங்களிடம் அவள் பேசமாட்டாள். கோட்டைச்சாமி சட்டைப்பையில் ஒரு சிவப்பு வளையலை ஒளித்து வைத்திருந்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது குலுங்கிக் காட்டிக்கொடுத்தது.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கிழக்கு முனையில், மலைக்கு நேர் எதிரே, கடலுக்கு மிகக் கிட்டத்தில், கடலில் புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்கென்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரு வரிசை வீடுகள் உண்டு. சேதுமதி அங்கேதான் இருந்தாள். அந்த வரிசையில் ஒரு கையிலும் வளையல் கிடையாது. ஊர் முழுக்கக் கீழ்வீட்டுக்காரியின் மூச்சு கேட்டுக்கொண்டிருக்க, அவளுக்கு முதல் வாசலான அந்த வரிசையில் மட்டும் ஒன்றும் கேட்காது. ஹெப்சிபா அதைக் கவனித்து ராக்குவிடம் சொன்னாள்.

“அலை வந்தா முதல்ல அங்கதான்கா வரும்.”

ராக்கு அன்று சாயங்காலமே ஒரு பெட்டி வளையலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முனைக்கு நடந்தாள். பின்னாலேயே ஊர் நடந்தது, என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்க. சேதுமதி வாசலில் உட்கார்ந்து இன்ஜினுக்கு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கைய நீட்டு.”

சேதுமதி பெட்டியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம் மதினி. ஊரு பேசும்.”

கூட்டத்தில் யாரோ, அதெப்படி, முறை இல்லையே என்று ஆரம்பித்தார்கள். ராக்கு திரும்பினாள். அவள் குரல் உயர்ந்தால் கடற்காகம் பறக்கும்.

“கீழ்வீட்டுக்காரிக்கு ஊரே கூடி வளையல் போட்டீகளே, அவ புருசன் எங்க இருக்கான்னு ஒருத்தராவது கேட்டீகளா? எவனாவது பாத்திருக்கீகளா அவன? அவளுக்குப் போடலாம், எந்தம்பி பொண்டாட்டிக்குப் போடக்கூடாதோ?”

உண்மையிலேயே நாங்கள் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. ராக்கு மண்டியிட்டு உட்கார்ந்து, எண்ணெய்க்கறை படிந்த அந்தக் கையை இழுத்து, ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடைசி வளையல் ஏறியதும் மலை மூச்சு விட்டது, சேதுமதியின் கை குலுங்கியது. அவள் அந்தக் கையைக் காதில் வைத்துக் கேட்டாள், கேட்டுக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வரிசையில் இருந்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டினார்கள். பெட்டி போதாமல் கோட்டைச்சாமி தன் சட்டைப்பையில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு எங்கள் ஊரை ரொம்பப் பிடித்தது.

மாசி மாசத்தில் ஒரு காலை, தெளிந்த வெயில், கடல் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. வளையல்கள் குலுங்கத் தொடங்கின. வழக்கமாகக் குலுங்கி நிற்கும், அன்று நிற்கவில்லை. ரேஷன் கடையில் கோடு வடக்கயிறு மாதிரித் தடித்துவிட்டது, ஏறிக்கொண்டே வந்த தரை குலுங்கிக் குலுங்கி ஏறியது. ஹெப்சிபாவுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஓடிப்போய்ச் சங்கை ஊதினாள்.

ஊர் அசையவில்லை. வளையல் விஷயம் வேறு, சங்கு விஷயம் வேறு என்பதில் நாங்கள் தெளிவாக இருந்தோம். கீழ்வீட்டுக்காரியின் மேல் எங்களுக்கு எவ்வளவு பாசம் இருந்தாலும், அந்தச் சங்குச் சத்தம் கேட்டதும் தோண்டிப்போட்ட மரவள்ளிப் பாத்திகள்தான் கண்முன்னால் வந்தன. கோட்டைச்சாமி சொன்ன சொல் தவறாதவர், பட்டப்பகலில் பாயை விரித்துப் போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டார். வாசலில் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிளம்புவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஹெப்சிபா சங்கை விட்டுவிட்டு ராக்குவின் வாசலுக்கு ஓடிவந்தாள். மூச்சு இரைத்தது. மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள், அதிர்வு இத்தனை, பாரம் இத்தனை என்று. ராக்குவின் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

“அக்கா, அவளுக்கு வலி எடுத்திருச்சு.”

“சூட்டுவலியா, நெசவலியா?”

“நெசவலி.”

ராக்கு முந்தானையை இழுத்துச் செருகினாள். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம்: ஒரு வீட்டில் வலி எடுத்துவிட்டால் அந்த வீட்டில் பூட்டியது எதுவும் பூட்டியிருக்கக் கூடாது, கட்டியது எதுவும் கட்டியிருக்கக் கூடாது, மூடியது எதுவும் மூடியிருக்கக் கூடாது; ஒரு முடிச்சு இறுகியிருந்தாலும் பிள்ளை வெளியே வரத் தடுமாறும். பிரசவம் பார்க்காத ஆட்கள் யாரும் அங்கே நிற்கவும் கூடாது. இதில் எங்கள் ஊரில் இதுவரை ஒருவரும் விளையாடியதில்லை.

“ஏ, அவ கீழ்வீடு, நம்ம மேல்வீடு, வீடு ஒண்ணுதான்!” ராக்குவின் குரல் இரண்டு தெருவுக்கும் கேட்டது. “கதவத் தெற! சன்னலத் தெற! பானை மூடிய எடு! ஆட்ட அவுத்து விடு, கொண்டைய அவுத்து விடு, வள்ளத்த அவுத்து விடு! ஒரு முடிச்சு இருக்கக் கூடாது! பிள்ளை பெறுறவளச் சுத்தி ஊரே நின்னு வேடிக்கை பாப்பீகளா, வெக்கமில்லாம? எல்லாரும் வெளிய!”

அப்போது நடந்ததை என்ன சொல்ல. இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. கதவு, ஜன்னல், பெட்டி, பரண், கோழிக்கூடு, அரிசி டின், ஒன்று விடாமல் திறந்தார்கள். ஆட்டுக் கயிற்றை, தொட்டில் கயிற்றை, கொடிக் கயிற்றை, வலை முடிச்சை, மூட்டை முடிச்சை, எல்லாவற்றையும் அவிழ்த்தார்கள். பெண்பிள்ளைகளின் கூந்தல் எல்லாம் அவிழ்ந்து முதுகில் புரள, கரை நெடுக ஓடி, கட்டியிருந்த வள்ளம் ஒவ்வொன்றையும் அவிழ்த்துத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். வள்ளம் போனால் பிழைப்புப் போயிற்றே! ஆம்பிளைகள் நாங்கள் வேட்டியை மடித்துக்கொண்டு எங்கள் வள்ளங்களுக்குப் பின்னால் பாய்ந்தோம். திறந்துகிடந்த வாசல் வழியாகத் தன் வள்ளம் தன்பாட்டில் கடலுக்குள் போவதைப் பார்த்த கோட்டைச்சாமி, போர்வையோடு எழுந்து, போர்வையோடு ஓடி, போர்வையோடு நீந்தி ஏறினார். பிள்ளைகளைத் தூக்கிப் போட்டார்கள், ஆடுகளைத் தூக்கிப் போட்டார்கள், இந்தத் தடவை கோழிகளையும் கூடையோடு தூக்கிப் போட்டு, பெண்பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள்.

“மேற்கே போங்க, தீவுக்குப் பின்னாடி, ஆழத்துக்கு! ஆழத்துல அலை முதுகக் காட்டிட்டுப் போயிரும்!” என்று ஹெப்சிபா கரையில் ஓடி ஓடிக் கத்தினாள்.

நாங்கள் தீவைச் சுற்றிக்கொண்டு போனபோது எங்களுக்கு முன்னாலேயே அங்கே வள்ளங்கள் நின்றன. முனை வரிசைக்காரர்கள், தங்கள் மகன்மாரின் வள்ளங்களில். வளையல் நிற்காமல் குலுங்கியதுமே, சங்கும் வேண்டாம் சாட்சியும் வேண்டாம் என்று அவர்கள் கிளம்பிவிட்டிருந்தார்கள். சேதுமதி மட்டும் இல்லை. அவள் ராக்குவின் வள்ளத்தோடு கரையிலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்து, வீடு வீடாக எட்டிப்பார்த்து வந்த ஹெப்சிபாவையும் ராக்குவையும் கடைசியாக ஏற்றிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள்.

வந்து சேர்ந்த சற்று நேரத்தில் எல்லா வளையல்களும் ஒரே நொடியில் நின்றன. ஹெப்சிபா எல்லோரையும் உட்காரச் சொன்னாள்.

முதலில் சத்தம் வந்தது, வயிற்றுக்குள் இடித்தது. தீவின் தென்னந்தலைகளுக்கு மேலே, கிழக்கில், கடல் கறுப்பாக எழும்பியது. அதற்குள்ளிருந்து வெள்ளை நீராவி பொங்கிப் பொங்கி வானத்தில் ஏறியது. பிறகு அலை வந்தது. எங்கள் வள்ளங்களுக்கு அடியில் அது ஒரு பெரிய மாட்டின் முதுகுபோல உயர்ந்து, எங்களைத் தூக்கி, இறக்கிவிட்டுப் போயிற்று, ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கீழே விழவில்லை. தீவில் அது தெருவுக்குள் புகுந்தது. மூடிய கதவு ஒன்றாவது இருந்திருந்தால் மோதி உடைத்திருக்கும். எல்லாம் திறந்து கிடந்ததால் முன்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போயிற்று. பாய் போயிற்று, பானை போயிற்று, கோழிக்கூடு போயிற்று. சுவர்கள் நின்றன. அந்தத் தெருக்களில் நாங்கள் இருந்திருந்தால் என்ற நினைப்பு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

நீராவி விலகிக்கொண்டே வந்தது. நாங்கள் மெதுவாகத் தீவின் தெற்கு மூலை வரை வந்து எட்டிப்பார்த்தோம். நேற்றுவரை வெறும் தண்ணீராக இருந்த இடத்தில், கறுகறுவென்று, ஈரம் மினுங்க, உச்சியில் சூடு பறக்க, ஒரு சின்னஞ்சிறு தீவு தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நல்ல காரியத்துக்கு முதல் குலவை சுமங்கலிதான் போட வேண்டும் என்பது எங்கள் முறை, எல்லோரும் ராக்குவைப் பார்த்தார்கள், ராக்கு சேதுமதியைப் பார்த்தாள். சேதுமதி இன்ஜினை நிறுத்தினாள், எழுந்து நின்றாள், வளையல் கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலவையிட்டாள். அது தண்ணீர்மேல் நெடுந்தூரம் போயிற்று. அப்புறம் வடக்குத் தெரு போட்டது, தெற்குத் தெரு போட்டது, ஆம்பிளைகள் நாங்கள் தெரியாத நாக்கை வைத்துக்கொண்டு முயற்சி செய்தோம்.

ஹெப்சிபாவின் வயர்லெஸ் கரகரத்தது. அங்கே நிலையத்தில் அவர்களுடைய கருவிகளும் அதிர்ச்சியைப் பிடித்திருந்தன. ஒரு பெரியவரின் குரல், பயந்து போயிருந்தது.

“ஹெப்சிபா! கேட்குதாம்மா? ஊர் என்னாச்சு? ஆள் எவ்வளவு போச்சு?”

அவள் எல்லா வள்ளங்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த கோட்டைச்சாமியைப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“ஒருத்தர்கூடக் குறையலை சார். ஒண்ணு கூடியிருக்கு.”

“கூடியிருக்கா? புரியலையேம்மா. யாரு?”

“ஏத்தா, அதக் குடு இங்க,” என்று ராக்கு வயர்லெஸைப் பிடுங்கிக்கொண்டாள். “பொம்பளப் பிள்ளைய்யா! தாயும் பிள்ளையும் சுகம்!”